வாய்க்கால் மறியல்

— அந்தக் கல்லைத் தாண்டி ஒரு அடி வெச்சுப் பாரு ஃபோர்த்துனாதோ. கவண்ல கல்லு ஏத்தி வெச்சிருக்கேன். கூடப் பொறந்தவன்னெல்லாம் பாக்க மாட்டேன்.

— ஹிலாரியாக்கா, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு.

— யாருக்கு யாருடா அக்கா? நெஞ்சுல டூரிஸ்ட் கம்பெனிப் பேரைத் தச்சுக்கிட்டு வந்து நின்னா நீ கம்பெனி ஆளு. நான் மறியல்ல உக்காந்திருக்கிற ஊர்க்காரி. அவ்வளவுதான் நமக்குள்ள உறவு.

— சரி, ஊர்ச் சபைத் தலைவி அவர்களே, கும்பிட்டுக் கேக்குறேன். வழியை விடுங்க. அந்தத் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆள் கிடக்கு. மூச்சு எரைக்குது, உதடெல்லாம் நீலமாப் போச்சு. கீழ ரோட்டுக்கு எறக்கி ஊருபம்பா ஆஸ்பத்திரியில சேக்கணும். இதை விட்டா சீக்கிரம் எறங்க வேற வழி கிடையாது, உனக்கே தெரியும்.

— தெரியும். வேற வழி கிடையாதுன்னு தெரிஞ்சுதானே இங்க கல்லை அடுக்கினோம்? யாரு அந்த ஆளு?

— டூரிஸ்ட். வயசானவர். மலைக்காத்து ஒத்துக்கல.

— அட பாவமே! போன மாசமும் இப்படித்தானே வந்தீங்க? நெறமாசப் பொம்பளை, வலி எடுத்துருச்சு, மேல் ஊர் மருத்துவச்சிகிட்டக் கொண்டு போகணும், தாயே, வழி விடு தாயேன்னு உன் மேனேஜர் அழுதான். நாங்களும் பொம்பளைங்கதானேன்னு அடிச்சுப் பிடிச்சுக் கல்லை நகட்டினோம். போர்வை வெலகினதும் உள்ள என்ன இருந்துச்சு? சொல்லு. வாயைத் தெறந்து சொல்லு.

— மோட்டார்.

— மோட்டார்! தண்ணி உறிஞ்சுற மோட்டார்! புள்ளத்தாச்சி கணக்கா அதுக்குப் போர்வை போத்தித் தூக்கிட்டுப் போனீங்க. பெரிய மனசு பண்ணி நானே ஒரு பக்கம் கை குடுத்தேன்டா. என் கையாலயே எங்க தண்ணியை அறுத்தேன்.

— அது மேனேஜர் பண்ணின வேலை. எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது.

— உனக்கு எதுதான் தெரிஞ்சுது? இப்ப நான் எங்க நிக்கிறேன்னு தெரியுதா? குனிஞ்சு பாரு. வாய்க்கால். நம்ம பாட்டன் பூட்டன் பாறையை வெட்டி எறக்கின வாய்க்கால். நடுவுல கம்பளி விரிச்சு உக்காரலாம் போல காய்ஞ்சு கிடக்கு. இதைக் காட்டி அன்னைக்கு உன் டூரிஸ்ட்டுங்ககிட்ட என்ன சொன்ன? நான் கிழங்குக் கொல்லையில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

— அவங்க கேட்டாங்க, ஏன் தண்ணி இல்லைன்னு. ஏதோ ஒண்ணு சொன்னேன்.

— தூர் வாருறதுக்காக அடைச்சிருக்காங்க, வருஷா வருஷம் வழக்கம்னு சொன்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன! மேல ஊத்துக்கண்ணையே அடைச்சு மோட்டார் வெச்சு உறிஞ்சி, விடுதியில தொட்டி தொட்டியா வெந்நீர் போட்டு அதுல அவங்க ஊறிக் கிடக்கிறாங்க, அதான் இங்க தண்ணி இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு மட்டும் உனக்கு இங்கிலீஷ் வரலையா?

— சொன்னா அன்னைக்கே என்னைத் தூக்கிருப்பாங்க.

— தூக்கட்டுமே! நாங்க என்ன சிம்மாசனத்துலயா இருக்கோம்? கிழங்குச் செடி அத்தனையும் கருகிப் போச்சு. அல்பாக்கா குட்டிங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாய்க்கால் கல்லை நக்குதுங்க. நீ என்னடான்னா இன்காக்கள் இங்க வாழ்ந்தாங்க, அப்புறம் மாயமா மறைஞ்சு போயிட்டாங்கன்னு கதை விடுற. மறைஞ்சு போயிட்டாங்களா? அப்ப நான் யாரு? பிசாசா? நம்ம அம்மா உன்னை எந்த பாஷையிலடா தாலாட்டினா?

— போதும்க்கா! நீ மட்டும்தான் பேசுவியா? சபையில எம்பேரை வெட்டினீங்களே, அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கம்பெனிக்கு வேலை செய்யிறவனுக்கு ஊர் நெலத்துல பங்கு கிடையாது, திருவிழாவுல இடம் கிடையாதுன்னு தீர்மானம் போட்டவளே நீதான். என் பொண்டாட்டி ஆறு மாசமா உன் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறா. இந்த மறியலால கம்பெனிக்காரனுக்கு என்ன கெட்டுப்போச்சு? அவன் லீமாவுல மீன் வறுவல் தின்னுட்டுக் கடலைப் பாத்துட்டிருக்கான். பனியில மூட்டை தூக்கிக்கிட்டுச் சுத்தி நடக்கிறது யாரு? நம்ம ஆளுங்க!

— நம்ம ஆளுங்க எவனும் இப்ப உங்களுக்கு மூட்டை தூக்கறதில்ல. எல்லாம் அடுத்த பள்ளத்தாக்குக்காரங்க. எம்புருஷனைப் பாரு. கம்பெனிக்குத் தோள் குடுக்கிறதை விட அட்டையும் கொசுவும் பிடுங்கினாலும் பரவால்லைன்னு கீழ்க்காட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருக்கார். அதுதான்டா ஆம்பளை.

— அக்கா...

— என்ன அக்கா?

— ஒண்ணுமில்ல. வழியை விடு. பேசறதுக்கு நேரமில்ல.

— ஏன் முகம் இப்படிப் போகுது? இரு. ஒண்ணு கேக்குறேன். மத்த டூரிஸ்ட்டுங்க எங்க? எப்பவும் அவங்கதானே முன்னாடி ஓடி வருவாங்க, எங்க பாவாடையைப் போட்டோ எடுக்க?

— பின்னால வர்றாங்க. நாளைக்கு மறுநாள் மாச்சு பிச்சு போகணும்ல, மெதுவா வரட்டும்னு விட்டுட்டு வந்தேன்.

— பொய். நீ சின்னப் புள்ளையிலேருந்தே பொய் சொன்னா காதைத் தடவுவ. கையைக் கீழ எறக்கு. ஸ்ட்ரெச்சரை இங்க கொண்டு வரச் சொல்லு. நானே போர்வையைத் தூக்கிப் பாக்குறேன்.

— வேணாம்க்கா. குளிர்க்காத்து படக்கூடாது. கம்பளியை எடுத்தா உசுருக்கே ஆபத்து.

— அப்ப மோட்டார்தான்! ரிப்பேருக்குக் கீழ எறக்குறீங்க! கல்லுல ஒண்ணைக்கூட அசைக்க மாட்டேன். மோட்டாரைத் தலையில சுமந்துக்கிட்டு வந்த வழியே போ!

— மோட்டார் இல்லைடி! மனுஷன்! மனுஷன்டி உள்ள கிடக்கிறது! கடவுளே... சரி. தூக்கிட்டு வாங்கப்பா. அக்கா, நீயே பாத்துக்கோ. எம்மேல பழி சொல்லாதே. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினது அவர்தான்.

— எவர்? என்னடா ஒளர்ற? நகரு. ஏய், இது என்ன கால்? இது வெள்ளைக்காரன் காலா? டயர் செருப்பு. குதிகால்ல இந்த வெடிப்பு. இந்தக் காலுக்கு நான்தானே தெனமும் லாமாக் கொழுப்பு தடவுவேன்...

— அக்கா, கோவப்படாதே.

— மெலித்தோன்! யோவ்! எம்புருஷனா இது? இங்க எப்படிய்யா வந்த? நீ காப்பிக் காட்டுல இல்ல இருக்க!

— அவர் காட்டுக்குப் போகவே இல்லைக்கா. பதினஞ்சு நாளா எங்ககூட மூட்டை தூக்குறார். சமையல் கூடாரத்துச் சாமான் சுமை. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, இந்தப் பக்கம் வராம மேல் கேம்ப்லயே இருந்துக்கிட்டார்.

— புள்ள...

— என்னைப் புள்ளைன்னு கூப்பிடாதே! வாயைத் தெறக்காதே! சபையில எல்லாரும் கையைத் தூக்கினப்ப முதல் ஆளாக் கையைத் தூக்கினது யாரு? நீ! உன்னை நெனச்சுக்கிட்டு இங்க பனியில ராவும் பகலும் உக்காந்திருக்கேன்யா. அந்தா பாரு, கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் என்னையே பாக்குறாங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? தலைவி புருஷன் கம்பெனிக் கூலின்னு கொட்டடிச்சுச் சொல்லவா?

— அக்கா, திட்டுறதை ஆஸ்பத்திரியில வெச்சுத் திட்டு. இப்ப இந்த மனுஷனுக்கு மூச்சு வேணும். இந்த ஆக்ஸிஜன் டப்பாவும் தீரப்போகுது.

— இந்த டப்பாவை அவங்க குடுத்தாங்களா? டூரிஸ்ட்டுக்கு மட்டும்னுதானே பூட்டி வெச்சிருப்பாங்க?

— குடுக்கல. கூலிக்காரனுக்குக் கோக்கா இலைத் தண்ணி குடு, சரியாயிடும்னான் மேனேஜர். ஸ்ட்ரெச்சருக்கும் ஆள் தர மாட்டேன்னான். இந்தப் பசங்கதான் தானா வந்து தோள் குடுத்தாங்க. பெட்டியை ஒடைச்சு நானே எடுத்துக்கிட்டேன். டூரிஸ்ட்டுங்களை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். எனக்கு வேலை போச்சு, கைடு லைசென்ஸும் போயிடும். இப்ப திருப்தியா உனக்கு?

— பெருசா தியாகம் பண்ணிட்ட! ஊரே செத்துக்கிட்டிருந்தப்ப ஒடைக்காத பெட்டி... சரி, நில்லு. ஏய் பொண்ணுங்களா! பாத்துக்கிட்டு நிக்காதீங்க, கல்லை நகட்டுங்க! ஆமா, எம்புருஷன்தான்! கம்பெனிக்கு மூட்டை தூக்கினவர்தான்! தீர்மானம் தீர்மானம்தான், அவர் பேரையும் நானே வெட்டுறேன். ஆனா வழியில சாக விடணும்னு நாம தீர்மானம் போடல. நகட்டுங்க!

— நான் இந்தப் பக்கத்துலேருந்து தள்ளுறேன். பாத்து, கால்ல விழப்போகுது.

— எனக்குச் சொல்லாதே. அடுக்கினதே நான்தான். ஃபோர்த்துனாதோ, இவர் கையைப் பாத்தியா? நகமெல்லாம் பேந்து போயிருக்கு. உள்ளங்கை கந்தலாக் கிழிஞ்சிருக்கு. மூட்டை தூக்கினா கையா கிழியும்?

— நெனவு வந்ததும் பாறையில சறுக்கி விழுந்தேன்னார். விடியக்காலையில தண்ணி மொள்ளப் போன பசங்கதான் பாத்திருக்காங்க. விடுதிக்கும் மேல, ஊத்துக்கண்ணுகிட்டக் கிடந்தாராம். கழுத்து வரைக்கும் ஈரம். துணியெல்லாம் ஐஸாகி வெறைச்சுப் போச்சு. நான் போனப்ப நெனவே இல்ல.

— ஊத்துக்கண்ணுகிட்டயா? அங்க சமையல் சாமான் தூக்குறவனுக்கு என்ன வேலை? வெந்நீர்த் தொட்டி பத்தலையாமா இவருக்கு, ஊத்துலயே எறங்கிக் குளிக்கப் போனாராமா? ஏன்யா, இந்த வயசுல இப்படி ஒரு ஆசையா?

— புள்ள... கத்தாதே.

— கத்துவேன்! செத்தாலும் கத்துவேன், பொழைச்சாலும் கத்துவேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வாய் வரலையாய்யா உனக்கு?

— சொன்னா... நீயும் கூட வந்திருப்ப.

— நான் வந்திருப்பேனா? கம்பெனிக்கு மூட்டை தூக்க நான் வந்திருப்பேனா? கேட்டியாடா இவர் பேசறதை! புத்தியும் ஒறைஞ்சு போச்சு!

— அக்கா, அவரைப் பேச விடாதே. மூச்சு வாங்குது பாரு. மச்சான், நீங்க பேசாம இருங்க.

— மச்சினனே... அவளைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு. காதைக் குடுத்துக் கேக்கச் சொல்லு.

— எதைக் கேக்கணும்? இன்னும் என்னத்தைக் கேக்கணும் நான்? இனி எம்மூஞ்சியில முழிக்காதே, வீட்டு வாசப்படியை மிதிக்காதே, பொழைச்சு வந்தா உங்க அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரு! ஃபோர்த்துனாதோ, நீ ஏன்டா கம்பை விட்டுட்டு நிக்கிற? தலைமாட்டை நான் பிடிச்சுக்கிறேன், கால்மாட்டை நீ தூக்கு. தூக்குடா! என்னடா அப்படிப் பாக்குற?

— அக்கா... கீழ பாரு. உன் கால் நனையுது.