தையற்காரனின் கையெழுத்து

பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் டாக்டரே இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். இப்போதும் நடுநடுவே தலையணையில் முகம் புதைத்துச் சிரித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அடுத்த அறையில் அம்மா விழித்துவிடக் கூடாது. நான்கு நாள் கழித்து இன்றுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். அண்ணன் லாக்கப்பில் இருக்கிறான்.

அண்ணன் நாடகக்காரன். அவர்கள் குழு போடும் நாடகத்தில் ஓர் இன்ஸ்பெக்டர், தன் தொப்பியைத் திருடிவிட்டதாக ஒரு தையற்காரனைப் பிடித்துவந்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவார். தொப்பி அவர் தலையிலேயே இருக்கும். அண்ணன்தான் தையற்காரன். மேடைச் சாமான் என் பொறுப்பு. லத்தி, விலங்கு, ஒட்டுமீசை, வெள்ளைத் தாள்.

அண்ணனுக்கு ஒரு பிடிவாதம். மேடையில் சும்மா கிறுக்க மாட்டான். தன் சொந்தக் கையெழுத்தையே, கீழே வளைத்துக் கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்துப் போடுவான். "கை பொய் சொன்னா மூஞ்சியும் பொய் சொல்லும்டீ" என்பான். காட்சிக்கு ஒரு தாள். தூக்கிப் போட மனம் வராமல் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்துவைத்தேன்.

கடைசிக் காட்சியில் தையற்காரன் நீதிபதி முன்னால் அழுவான். "ஐயா, நான் வெள்ளைத் தாள்லதானய்யா கையெழுத்துப் போட்டேன்." அரங்கமே உருண்டு சிரிக்கும். எங்கள் ஸ்டேஷன் ஏட்டு மூன்று முறை வந்து, முதல் வரிசையில் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அவர்தான் போன வாரம் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு காவலாளியை அண்ணனின் பைக் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. யாரோ நம்பரைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணன் எங்க பாப்பா?"

"ஒத்திகையில இருக்கான் சார்."

"வந்தா அனுப்பு. நான் இல்லைன்னுதான் சாதிப்பான். அவனை உக்கார வச்சு, மிரட்டி, எழுதி வாங்கறதுக்குள்ள நம்ம தாவு தீர்ந்துடும். இடுப்பு வலி வேற எனக்கு."

பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். பிறகு, "கையெழுத்து ரெடியா இருக்கு சார், வேணுமா?" என்றேன்.

பையைத் திறந்து காட்டியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேல நல்லா இடம் விட்டிருக்கான்."

"மேடையில அப்படித்தான் சார் போடணும்."

"இன்னொண்ணும் குடு. எழுதறப்ப அடித்தல் திருத்தல் வந்துட்டா?"

மடிப்பு விழாமல் உறையில் போட்டு இரண்டு கொடுத்தேன்.

அண்ணனைப் பிடித்த அன்று நானும் அம்மாவும் ஸ்டேஷனில் நின்றோம். "சார், அது நாடகத்துல வெள்ளைத் தாள்ல போட்ட கையெழுத்து சார்" என்றான் அண்ணன். ஸ்டேஷனே சிரித்தது. கம்பிக்குப் பின்னாலிருந்த பிக்பாக்கெட்கூடச் சிரித்தான். "இன்னொரு தடவை சொல்லுப்பா, அந்த இழுவை வரலையே" என்றார் ஏட்டு. அண்ணன் உண்மையாகவே இன்னொரு தடவை சொன்னான். மேடையில் ஒருநாளும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

காவலாளி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வழக்கு பெரிதாகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் தாளைக் கொடுத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். இடித்தபோதும் உயிரோடுதான் இருந்தார். பைக் கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தூக்கினார். கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

அன்று மதியம் அண்ணன் வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தது நான். தெருமுனை வரைக்கும்தான் போக நினைத்தேன். பதினாறு வயதில் லைசென்ஸ் தர மாட்டார்கள் என்றால் வேறு எப்படித்தான் ஓட்டிப் பழகுவது?

நாளைக் காலை அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். எல்லாவற்றையும் அங்கே சொல்லிவிடுவது என்று முடிவே செய்திருந்தேன். நல்ல உடுப்பாக எடுத்து இஸ்திரிகூடப் போட்டுவைத்தேன். ஆனால் சாயங்காலம் காட்சி இருக்கிறது. அண்ணனுக்காக என்று சொல்லிக் குழுவே சேர்ந்து போடுகிறார்கள். தையற்காரன் வேஷம் எனக்கு. விஷயம் பரவி, ஓர் இடம் பாக்கியில்லாமல் அரங்கம் நிறைந்துவிட்டதாம். அவ்வளவு பேரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.