சுவர் வழியா வராதீங்க

தனுஷிகா: அம்மா! சுவரு வழியா வராதீங்க!

அழகம்மா: எந்தச் சுவரு?

தனுஷிகா: இப்ப மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே... அந்த வெள்ளைக் கோடு. அதுதான் சுவரு.

கிஷாந்த்: அசையாதீங்க அத்தை. பாதி ஒடம்பு ஹோல்ல இருக்கு, பாதி ரூமுக்குள்ள இருக்கு.

அழகம்மா: தரையில சுண்ணாம்பக் கொட்டி வச்சுட்டு சுவருங்கிறா. நீங்களும் அவளோட சேந்துக்கிட்டீங்களா மாப்ள?

கிஷாந்த்: நான் என்ன செய்ய? நானே மொதல்ல ஜன்னல் வழியா வந்துட்டேன்னு ஏச்சு வாங்கிட்டுத்தான் நிக்கிறேன்.

தனுஷிகா: கதவு அங்க இருக்கு. கவ்வாத்து வெட்டுன தேயிலக் குச்சி ரெண்டு நட்டிருக்கேன் பாருங்க, அதுக்கு நடுவுல. வெளிய போயிட்டுத் திரும்ப வாங்க.

அழகம்மா: வீடு கட்ட முந்தியே பெத்தவள வெளிய போகச் சொல்றா...

தனுஷிகா: அம்மா, நாளைக்குக் காலைல மேசன் பாஸ் வந்து சுவரு வைக்க ஆரம்பிச்சுருவாரு. எந்த அறை எங்க, எந்த ஜன்னல் எங்கன்னு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லிறணும். அப்புறம் மாத்த முடியாது. அதான் வீடு முழுசா தரையிலயே கீறி வச்சிருக்கேன். நடந்து பாத்தாத்தான் தெரியும்.

அழகம்மா: சரி சரி... இந்தா, வந்துட்டேன். கதவச் சாத்தணுமா, தொறந்தே கெடக்கட்டுமா?

கிஷாந்த்: சாத்திருங்க அத்தை. பனி உள்ள வருது.

அழகம்மா: கிண்டல் பண்ணுறீங்களா மாப்ள?

தனுஷிகா: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அம்மா, இது ஹோல். இங்க உக்கார செட்டி. எதுத்தாப்புல டிவி.

அழகம்மா: செட்டி எங்க?

தனுஷிகா: அந்தச் சீமெந்துப் பேக்கு.

கிஷாந்த்: உக்காந்து பாருங்க, மெத்து மெத்துன்னு இருக்கும்.

அழகம்மா: ...உக்காந்துட்டேன். நல்லாத்தான் இருக்கு.

தனுஷிகா: மேல பாருங்க. செட்டிக்கு நேரா ஒரு லைட்டு தொங்கும். நான் வேலை பாக்குற ஹோட்டல்ல தேயிலக் கொழுந்துக் கூடையைக் கவுத்து, உள்ள பல்பு மாட்டியிருக்காங்க. வர்ற வெள்ளக்காரங்க எல்லாம் போட்டோ புடிக்கிறாங்க. நம்ம வீட்டுலயும்...

அழகம்மா: வேணாம்.

தனுஷிகா: முழுசாக் கேளுங்கம்மா.

அழகம்மா: இத்தன வருசமா அது என் தலையில தொங்குனுச்சு. இனி நான் செட்டில உக்காந்தாலும் என் தலைக்கு மேலதான் தொங்கணுமா?

கிஷாந்த்: அது நியாயம்.

தனுஷிகா: நீங்க யாரு பக்கம்?

கிஷாந்த்: நான் செட்டி பக்கம். தள்ளி உக்காருங்க அத்தை.

தனுஷிகா: ஆமா, இன்னிக்கு உங்க கூடை எங்கம்மா? மலையில கொழுந்து பறிச்சுட்டு நேராத்தான வர்றீங்க?

அழகம்மா: வச்சுட்டு வந்தேன்.

தனுஷிகா: எங்க?

அழகம்மா: வைக்கிற எடத்துல. நீ வீட்டக் காட்டுறியா, கூடையத் தேடுறியா?

தனுஷிகா: காலுல சேறும் இல்ல, சேலையும் மாத்தியிருக்கீங்க...

அழகம்மா: இன்னிக்கி மேல் மலை. காஞ்சு கெடந்துச்சு.

கிஷாந்த்: காஞ்சா? மத்தியானம் இறம்பொடையில இருந்து வர்றப்ப வேனோட வைப்பரு ஓயாம ஆடுச்சே...

அழகம்மா: இறம்பொடையில பேஞ்ச மழைக்கு இங்க நனையணுமா? அடுத்த ரூம காட்டு புள்ள.

தனுஷிகா: ஏம்மா குசுகுசுன்னு பேசுறீங்க?

அழகம்மா: ...பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்குமுல்ல.

தனுஷிகா: எந்தப் பக்கத்துக் காம்பரா? சுத்தி தேயில மட்டும்தான் இருக்கு!

அழகம்மா: ...ஆமால்ல. ஒரே சுவருக்கு ரெண்டு வீடுன்னு பொறந்ததுல இருந்து லயத்துல கெடந்தவளுக்கு வேற எப்புடிப் பேச வரும்? இங்கிட்டு இருமுனா அங்கிட்டு இருக்கவங்க இஞ்சித் தண்ணி கொண்டாருவாங்க.

கிஷாந்த்: எங்க கல்யாணம் முடிஞ்ச புதுசுல நாங்க போன்ல மெசேஜ்தான் அனுப்பிக்கிட்டோம் அத்தை. ஒரே காம்பராவுக்குள்ள.

தனுஷிகா: ஐயோ, சும்மா இருங்க!

அழகம்மா: தெரியும் மாப்ள. போன் வெளிச்சம் என் மொகத்துல அடிக்குமே.

தனுஷிகா: போதுமா? இப்பத் திருப்தியா உங்களுக்கு? எந்திரிச்சு வாங்க. இது எங்க ரூம். கட்டில் இப்புடி. அலுமாரி அந்தச் சுவரு முழுக்க. இதுக்கும் ஹோலுக்கும் பின்னால, வீட்டோட அகலத்துக்கு உங்க ரூம். அம்மாவுக்கும் அந்தச் சுவரு முழுக்க அலுமாரி.

அழகம்மா: என்னோட நாலு சேலைக்கு அவ்வளவு பெரிய அலுமாரியா?

தனுஷிகா: இனி நாப்பது எடுப்பீங்க.

கிஷாந்த்: ஜன்னல் முன்பக்கம். ஹோலுக்கு ஒண்ணு, எங்க ரூமுக்கு ஒண்ணு.

அழகம்மா: எனக்கு?

தனுஷிகா: உங்க ரூமுக்கு முன்னால நாங்க, பின்னால குசினி வருதேம்மா... மேல ரெண்டு தகரத்த எடுத்துட்டுக் கண்ணாடித் தகடு போட்டா வெளிச்சம் வரும்.

அழகம்மா: சரி. லயத்துல அதுவும் இல்ல... நீங்க ஏன் மாப்ள கைய நெத்தியில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

கிஷாந்த்: கண்ணு கூசுது அத்தை. வெயில் நேரா அடிக்குது.

தனுஷிகா: அலுமாரிக்குள்ள நிக்கிறீங்க. வெளிய வாங்க.

கிஷாந்த்: அலுமாரிக்குள்ளதான் வெயில் அடிக்குது.

அழகம்மா: ஏன் புள்ள... அந்தச் சுவருக்கு அங்கிட்டு யாரு இருக்கா?

தனுஷிகா: யாரும் இல்ல. சரிவு. கீழ ஆறு.

அழகம்மா: இந்தப் பக்கம்?

தனுஷிகா: ரோட்டு. அதுக்கு அப்பால தேயில.

அழகம்மா: ரெண்டு பக்கமும் யாரும் இல்லேனா, ரெண்டு பக்கமும் ஏன் மூடி வச்சிருக்கோம்?

தனுஷிகா: ஐயோ.

கிஷாந்த்: ஹா! நாலு மாசமா இவ போன்ல ஊர்ல உள்ள வீடெல்லாம் பாத்தா. பாரிசு வீடு, ஜப்பான் வீடு...

தனுஷிகா: நீங்க மட்டும்? டேப்பு புடிச்சது நீங்கதான!

கிஷாந்த்: புடிச்சேன். எனக்கும் தோணலியே. பக்கத்துச் சுவருன்னா அது அடுத்த வீட்டுச் சுவருதான்னு மண்டையில ஏறிப் போயிருக்கு.

அழகம்மா: எனக்கு மட்டும் தோணுச்சா? கூரையில கண்ணாடி போடுறேன்னா, சரின்னு தலைய ஆட்டுனேனே. மூணு பேரும் லயத்துக்குள்ள நின்னுக்கிட்டே வீடு கட்டியிருக்கோம்!

தனுஷிகா: சிரிக்காதீங்கம்மா... எனக்கும் சிரிப்பு வருது. ஐயோ, நாளைக்குச் செங்கல் வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

கிஷாந்த்: இரு, பாஸுக்குப் போன் போடுறேன்... ஹலோ, பாஸ் உன்னெஹே! ஜனேல தெகக் ஓனே... ஆமா, ஆமா, தெகக்... ஹரி, ஹரி!

அழகம்மா: சிங்களத்துல என்ன சொல்றாரு?

கிஷாந்த்: ரெண்டு ஜன்னல் கூட வேணும்னேன். சரின்னுட்டாரு. ‘ரெண்டு பக்கமும் ஏன் அடைச்சு வச்சிருக்கீங்கன்னு நானே கேக்க நெனச்சேன், சாமான் வைக்கிற களஞ்சியமோன்னு விட்டுட்டேன்’ங்கிறாரு.

தனுஷிகா: களஞ்சியமா! சரி, அலுமாரி ரெண்டையும் நடுச் சுவருக்கு மாத்திட்டேன். எங்களுக்கு ஆத்துப் பக்கம் ஜன்னல். மழ பெய்யறப்ப அங்க படுத்துக்கிட்டுப் புஸ்தகம் படிப்பேன். கீழ தண்ணிச் சத்தம், மேல மழைச் சத்தம்... அம்மாவுக்கும் ஆத்துப் பக்கமே வைக்கவா?

அழகம்மா: எனக்கு ரோட்டுப் பக்கம்.

தனுஷிகா: ரோட்டுல என்னம்மா இருக்கு?

அழகம்மா: காலைல எல்லாரும் பெரட்டுக்குப் போற ரோட்டு அதுதான? வேலைக்குப் பேர் குடுக்க லேட்டாச்சுன்னு ஓடுவாங்கள்ல. ஜன்னல் கிட்ட ஒரு நாக்காலி போடு. கை வச்ச நாக்காலி. ஒரு பிளேன்டீயக் கையில வச்சுக்கிட்டுப் பாக்கணும்.

கிஷாந்த்: அந்த ரோட்டுல ஓடுறதே நீங்கதான அத்தை? உங்கள நீங்களே எப்புடிப் பாப்பீங்க?

அழகம்மா: ...ஞாயித்துக்கிழமை பாப்பேன்.

தனுஷிகா: ஞாயித்துக்கிழமை பெரட்டு ஏதும்மா?

அழகம்மா: நாக்காலி போட முடியுமா, முடியாதா?

தனுஷிகா: போடுறேன், போடுறேன். சரி, கடைசியா சமைக்கிற குசினி. பின்கதவு இங்க. இந்த மூலைதான் உங்க மூலை. மலையில இருந்து வந்த ஒடனே கால் கழுவத் தாழ்வா ஒரு பைப்பு. மேல ரெண்டு கொக்கி. ஒண்ணுல கூடை, ஒண்ணுல இடுப்புல கட்டுற படங்கு. ஈரச் சாக்கோட உள்ள வர வேணாம். அட்டை ஏறியிருந்தாலும் இங்கயே தட்டி விட்டுறலாம்.

அழகம்மா: இங்க கூடை வேணாம்.

தனுஷிகா: பின்ன? வெளிய மழையிலயா வைக்கிறது?

அழகம்மா: வேற ஏதாச்சும் வச்சுக்க. எடத்த வீணாக்காத.

தனுஷிகா: லைட்டுல மாட்டுனாலும் வேணாம், கொக்கில மாட்டுனாலும் வேணாம். கூடைய எங்கதாம்மா வைக்கிறது? நாளைக்கும் மலைக்குப் போவீங்கள்ல? காலு வீங்கிப் போய்க் கெடந்தாலும் போவீங்க. நான் சொன்னா கேக்கவா போறீங்க?

கிஷாந்த்: தனு, விடு...

தனுஷிகா: இல்ல, இன்னிக்குக் கேட்டுறணும். தோட்டத்து வேலையில ஒருத்தரு பேராவது இருந்தாத்தான் காம்பரா நமக்கு. பேர் வெட்டுனா கூரை போயிரும்னு பயந்தீங்க. அது சரி. ஆனா இப்ப காணி உறுதி உங்க பேர்ல வந்தாச்சே! இனி யாரு உங்கள வெளிய போகச் சொல்ல முடியும்?

அழகம்மா: நீ சொன்ன. வந்த ஒடனே.

கிஷாந்த்: சொன்னா அத்தை, என் காதால கேட்டேன்.

தனுஷிகா: விளையாட்டில்லம்மா!

அழகம்மா: அந்தப் பேச்ச எடுத்தா இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?

தனுஷிகா: சொல்லியிருக்கீங்க. அதுக்காகத்தான் இந்த மூலையையே கீறுனேன்.

அழகம்மா: அதென்ன, இந்த மூலையில மட்டும் சுண்ணாம்பு இவ்வளவு லேசா இருக்கு? காத்தடிச்சா பறந்துரும் போல?

கிஷாந்த்: ம்க்கும்...

அழகம்மா: மாப்ள ஏன் செருமுறாரு?

கிஷாந்த்: பனி, அத்தை.

அழகம்மா: இப்பத்தான் வெயிலு கண்ணக் கூசுதுன்னீங்க.

கிஷாந்த்: தனு... சொல்லிரு.

தனுஷிகா: நீங்க சொல்லுங்க.

கிஷாந்த்: உங்க அம்மா.

தனுஷிகா: உங்க அத்தை!

அழகம்மா: யாராச்சும் ஒருத்தர் சொல்லித் தொலைங்க!

தனுஷிகா: ...இந்த மூலை வீட்டுல இல்லம்மா.

அழகம்மா: இல்லேன்னா?

தனுஷிகா: நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்ச பொறவு, கையில கெடந்த சுண்ணாம்பத் தூவி விட்டேன். பாஸுகிட்ட வேற மாதிரி சொல்லி வச்சிருக்கோம். கூடைக்கும் படங்குக்கும் இந்த வீட்டுல எடமே கெடையாது. இந்த மூலை உங்க பாத்ரூமோட சேருது. உங்க ரூமுக்குள்ள இருந்தே கதவு. சுடுதண்ணி பைப்பு, மேல ஷவரு. ஹோட்டல்ல தெனமும் யாரு யாருக்கோ ‘சுடுதண்ணி வருதா மேடம்’னு தொறந்து காட்டுறேன். நீங்க இந்த வயசுலயும் விடியறதுக்கு முந்தி பீலிக் கரையில பச்சத் தண்ணியில குளிச்சு நடுங்குறீங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பைப்பத் தொறக்கறப்ப உங்க ஞாபகம்தான்.

கிஷாந்த்: ஏசுறதா இருந்தா என்னையும் சேத்து ஏசுங்க அத்தை. பாஸுகிட்ட சொன்னது நான்.

தனுஷிகா: அம்மா, எங்க போறீங்க? கோவமா? ...பாருங்க, சுவரெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போறாங்க!

கிஷாந்த்: இல்ல தனு... அங்க பாரு. குச்சி ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்கிறாங்க. கதவுல.

அழகம்மா: தனு! மாப்ள! நான் உள்ள வர்றேன்!

தனுஷிகா: வாங்கம்மா! ஏன் இப்புடிக் கத்துறீங்க? லயத்துக்கே கேக்குது!

அழகம்மா: கேக்கட்டும்டி! காலைல பெரட்டுக் களத்துல இருந்து எல்லாரும் கலைஞ்ச பொறவு, கணக்கப்புள்ளைகிட்ட ‘என் பேர வெட்டிருங்க’ன்னு சொல்லி, கூடையையும் படங்கையும் குடுத்துட்டுத்தான் வந்தேன். வந்து குளிச்சு, சேல மாத்திட்டு, பொழுது எப்ப சாயும்னு வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். லயத்துல வச்சுச் சொல்லியிருந்தா உன் காதுக்கு வர முந்தி பத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும். மொதல்ல என் வீட்டுக்குள்ள நின்னு உங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்... சொல்லிட்டேன். மாப்ள, அந்தச் சுடுதண்ணியத் தொறந்து விடுங்க!