அழகுமுத்துவின் பெருவிரல்

இல்லைத் தங்கச்சி, பேப்பரில அப்பிடி எழுதாதேங்கோ. விளையாடாமலே கப் எடுத்தவன் எண்டு இந்த வெள்ளவத்தை முழுக்கக் கதைக்குது. நீங்களும் அதையே எழுதினா எனக்கென்ன மரியாதை? இருங்கோ, பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு கேளுங்கோ.

போன வருசம் அகில இலங்கை டீவி கேம் போட்டி. சண்டை கேம்தான், ரெண்டு பேர் மூண்டு ரவுண்ட் அடிபடுறது. பைனலுக்கு வந்தது நானும் கொட்டாஞ்சேனை அழகுமுத்துவும். மலையகத்து அட்டன் பக்கத்துப் பெடியன், புடவைக்கடையில வேலை. சும்மா சொல்லக்கூடாது, பேய்க்கெட்டிக்காரன். அதுக்கு முதல் ஏழு தரம் விளையாடி ஒருக்காக்கூட நான் அவனை வெல்லேல்லை.

பைனலுக்கு முதல்நாள் விடியக்காலமை கொட்டாஞ்சேனையில பொலிஸ் ரவுண்டப், வீடு வீடாச் சோதனை. ஓம், குண்டு வெடிச்ச அதே கிழமை. எல்லாற்ற கையையும் விரிச்சுப் பாத்திருக்கிறாங்கள். இவன்ட பெருவிரல் ரெண்டும் பட்டன் அமத்தி அமத்திக் காய்ச்சுப்போய்க் கிடக்கு. துவக்குப் பிடிச்சுச் சுட்ட கை எண்டு ஏத்திக்கொண்டு போட்டாங்கள். ஐயோ டீவி கேம் எண்டு கத்தியிருக்கிறான். ஆர் நம்பினது? அடியெண்டா அப்பிடி அடி. கடைசியா என்ட பேரைச் சொல்லியிருக்கிறான், அவரைக் கேட்டுப் பாருங்க எண்டு.

பத்து மணிபோல ஜீப் எங்கட டீவி கடை வாசல்ல. டீவி, கேம் பெட்டி எல்லாத்தோடயும் என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாங்கள். பயமில்லாமலோ? காற்சட்டை நனையாததுதான் மிச்சம்.

ஸ்டேசன்ல அவனை இழுத்து வந்து என்ட பக்கத்தில இருத்தி, ரெண்டு பேரும் விளையாடிக் காட்டுங்கோ எண்டாங்கள். ஒரு கண் மூடிப்போச்சு. முன்பல்லு ரெண்டைக் காணேல்லை. இடக்கைச் சின்னவிரல் பின்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. ஜோய்ஸ்டிக் இரத்தத்தில வழுக்க வழுக்கச் சேட்டில துடைக்கிறான். அண்ணே, வந்துட்டீங்களா எண்டான். பாவம்.

முதல் ரவுண்ட் அவன்தான். அந்தக் கையோட! எனக்கெண்டா விசர் பிடிச்சுப்போச்சு. ரெண்டாவது நான். பொலிஸ்காரங்கள் சுத்தி நிண்டு கைதட்டுறாங்கள், மல்லி கஹப்பங், தம்பி அடி அடி எண்டு. மூண்டாவதில அவன் டீவியை விட்டுட்டு என்ட முகத்தைத் திரும்பிப் பாத்தான். ஒரு செக்கன்தான். அதுக்குள்ள மூலையில மடக்கி அடிச்சு விழுத்திப்போட்டன். வெண்டுட்டன் தங்கச்சி! துள்ளியெழும்பிக் கத்தினனான்.

அவனைத் தலைமயிரில பிடிச்சு உள்ளுக்கு இழுத்தாங்கள். கதவு சாத்தின பிறகும் அடிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் ஆள் வரேல்லை. அடுத்தநாள் போட்டி ஹோலில எதிராளி வரேல்லை எண்டு கப்பை என்ட கையில தந்தாங்கள். அவன்ட அக்கா ஆறாயி கடைக்கு வந்து, நீங்களாச்சும் போய்ப் பாத்தீங்களே தம்பி எண்டு என்ட ரெண்டு கையையும் பிடிச்சு அழுதா.

என்ன கேட்டனீங்கள்? ஓம், பொலிஸ் சார்ஜன் துடங்க முதலே சிங்களத்தில சொன்னவர்தான், அழகுமுத்து வெண்டா இப்பவே அவனை வீட்டை போக விடுறன் எண்டு. விளங்காமல் என்ன? நான் இங்க பிறந்து வளந்தவன், எனக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு.