பக்கத்தில் தண்ணீர் இல்லையா?

அவைக்கு அணியாகவும் ஆர்ப்பாட்டத்துக்கு அணையாகவும் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, இந்தச் சங்கத்தைச் செங்கல் செங்கல்லாக எழுப்பிவிட்டு இன்று முன்வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மூத்தவர்களே, காலைச் சங்குக்கு முன் அடுப்பை மூட்டி, மாலைச் சங்குக்குப் பின் அழுக்குத் துணி துவைத்து, இடையில் எட்டு மணி நேரம் ஊருக்கெல்லாம் உடை தைக்கும் என் தாய்மாரே, தங்கைமாரே, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்று கேட்கும் மகளே, உங்கள் அனைவருக்கும் ஐந்தாவது லைன் சூப்பர்வைசரின் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சகிப்புத்தன்மையின் சிறப்பு'. அழைப்பிதழில் பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். அதன் சிறப்பைப் பேச எனக்கு நா எழவில்லை. அதன் பெயரால் நான் செய்த கொடுமையைச் சொல்ல வந்திருக்கிறேன். நடந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், இவளா, இந்த முகமா, இந்த வாயா அதைச் சொன்னது என்று இன்றும் திடுக்கிடுகிறேன்.

பின்னால் கேட்கவில்லையா, அம்மா? மைக்கை இழுத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியது நீங்கள்தான்.

நம் தையல் ஆலையின் ஐந்தாவது லைனில் முப்பத்தெட்டு இயந்திரம், முப்பத்தெட்டுப் பெண்கள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன் அத்தனை பேர் உதடும் அசையும். ஒருத்தி கண்ணை மூடுவாள், ஒருத்தி கையை விரிப்பாள், ஒருத்தி நெஞ்சில் விரல் வைப்பாள். மூன்று மதம், முப்பத்தெட்டு வேண்டுதல், எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: இன்றைக்கு ஊசி உடையக் கூடாது, கடவுளே. சிரிக்கிறீர்கள். உடைந்தால் எவள் திட்டுவாள் என்று உங்களுக்குத் தெரியும்.

எட்டாவது இயந்திரத்தில் காலர் தைப்பவள். அவளைக் காலர் என்றே கூப்பிடுவோம். ஒன்பதாவதில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள், அவள் காஜா. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கம். இவள் சாப்பாட்டு டப்பாவை அவள் திறப்பாள். அவள் மாமியாரை இவள் திட்டுவாள். காஜாவும் நானும் ஒரு மதம், காலர் வேறு மதம். இதைச் சொல்லும் அவசியமே அந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு வந்ததில்லை.

பிறகு வந்தது. கைப்பேசிக்குள், ஐம்பது வினாடி நீளமுள்ள குரல் பதிவாக வந்தது. யாரோ ஓர் ஆண் பேசுகிறார். காலருடைய மதத்தவர்கள் தண்ணீரில் எதையோ ஓதி, எச்சில் துப்பி, அதன்பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுப்பார்களாம். யார் பார்த்தது? எங்கே பார்த்தது? எப்போது பார்த்தது? ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதை அனுப்பியவர் என் உடன்பிறந்த அண்ணன். நான் நம்பவில்லை. ஆனால், 'அண்ணா, இது பொய்' என்று ஒரு வரி எழுதவும் இல்லை. குடும்பத்தில் எதற்கு மனத்தாங்கல் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பாதிப் பேர் கையில் தண்ணீர் பாட்டில். காஜா கையிலும் இருந்தது. எங்கள் லைனுக்கு ஒரே ஒரு தண்ணீர் டிரம், அது எட்டாவது இயந்திரத்துக்கு அருகில். அந்த வாரக் கடைசியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசை அக்கா என்னிடம் வந்தார். அவர் கெட்டவர் அல்லர். படுத்த படுக்கையான மாமனாரை ஆறு வருடமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

"சண்டை வேணாம்னுதான் கேக்கறோம். இன்னொரு டிரம் வச்சுடுங்க. அவங்க தண்ணிய அவங்க குடிக்கட்டும், நம்ம தண்ணிய நாம குடிப்போம். யாருக்கு என்ன கஷ்டம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் கஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்டோருக்குச் சொல்லி, லைனின் மறுகோடியில், அயர்ன் மேசை ஓரமாக இன்னொரு டிரம் வைத்தேன். பழையது காலரின் மதத்தவருக்கு, புதியது மற்றவர்களுக்கு. நிர்வாகம் பாராட்டியது. நானும் மகிழ்ந்தேன். இந்தப் பக்கத்தையும் பொறுத்துக்கொண்டேன், அந்தப் பக்கத்தையும் பொறுத்துக்கொண்டேன். என்னைப் போல் சமாதானவாதி உண்டா?

அன்று மாலை, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் காலர் என்னிடம் கேட்டாள். "அக்கா, எங்களைப் பொறுத்துக்கறீங்க, சரி. நாங்க என்ன பல்வலியா?"

அதையும் பொறுத்துக்கொண்டேன்.

தாய்மாரே, அந்த நாளுக்கு வருகிறேன். மேற்கூரைத் தகரம் தகித்தது. இரண்டு மின்விசிறிகள் நின்று போயிருந்தன. மூன்று மணி. காஜா எழுந்தாள், ஏதோ உளறினாள், இரண்டு இயந்திரத்துக்கு நடுவே சரிந்து விழுந்தாள். நெற்றியைத் தொட்டேன், அயர்ன் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. நான் நிமிர்வதற்குள் காலர் ஒரு ஜக்கு நிறையத் தண்ணீரோடு வந்துவிட்டாள். பக்கத்து டிரம்தானே, நான்கு எட்டு தூரம்.

செக்கிங் அக்கா அவள் கையைப் பிடித்தார். "அந்தத் தண்ணி வேணாம். அவளே அதைக் குடிக்க மாட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடிவு என் கையில். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஊற்று என்று ஒரே ஒரு சொல். ஒரு குழந்தைக்கும் தெரிந்த சொல். நான் சொன்னது வேறு. "அந்தக் கோடியில இருக்கற டிரம்லேர்ந்து கொண்டாங்க."

ஓடினார்கள். வெயில் நாள்; முப்பது பேர் குடித்த டிரம். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். வாளியைத் தேடினார்கள், நிரப்பினார்கள், படியேறினார்கள். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் காலர் ஜக்கை ஏந்தியபடி என் முன்னால் நின்றாள். ஜக்கு தளும்பி, தண்ணீர் தரையில் சிந்தியது. சிந்திய தண்ணீரையாவது நான் அள்ளித் தெளித்தேனா? இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காஜாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "உடம்பு இவ்வளவு கொதிச்சிருக்கு. உடனே தண்ணிய ஊத்திக் குளிர வச்சிருக்கணும். ஏன் ஊத்தல? பக்கத்துல தண்ணி இல்லையா?"

இல்லை என்றேன். கூசாமல் சொன்னேன், தலைவர் அவர்களே.

காஜா பிழைத்தாள். ஆனால் வலக்கை விரல்கள் அவள் சொல் கேட்பதில்லை. நாளாக ஆகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள். நான்காம் நாள் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே காலர் அங்கே உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். காஜா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நீ தண்ணி கொண்டு வந்தியாமே. அப்புறம் ஏன்டி ஊத்தல?"

"சூப்பர்வைசர் அக்கா வேணாம்னுட்டாங்க."

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"நீதான் பாட்டில் கொண்டு வந்தியே."

காஜா தன் வலக்கையைப் பார்த்தாள். பிறகு, "ஆமா. நான்தான் கொண்டு வந்தேன்" என்றாள். இருவர் கண்ணிலும் நீர். வாசலில் நின்ற என் கண் மட்டும் வறண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. நேரே டாக்டரம்மா அறைக்குப் போய், நான் சொன்னது பொய், தண்ணீர் இருந்தது என்றேன். மறுநாள் அதையே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். லைன் முன்னால் நின்று முப்பத்தேழு பேரிடமும் சொன்னேன். கோடியில் வைத்த டிரம்மை என் கையாலேயே உருட்டி வெளியேற்றினேன். ஏழு பேர் வேறு லைனுக்கு மாற்றம் கேட்டார்கள். செக்கிங் அக்கா போகவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. என் பதவி அடுத்த மாதம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

மதங்கள் சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்கிறார்கள். வாழ்ந்தோமே, ஐயா. பதினோரு வருடம், யாரும் பாடம் நடத்தாமல், ஒரே குழாயில் குடித்து வாழ்ந்தோமே. என் கடவுளை நீ கும்பிட வேண்டாம்; உன் வேதத்தை நான் ஓத வேண்டாம். உன் நம்பிக்கை எனக்கு விசித்திரமாகத் தெரியலாம். என்னுடையது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம். அத்தனையும் பொறுக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவள் கை அழுக்கு என்று ஒரு குரல் சொன்னால், அது என் அண்ணன் குரலானாலும், என் மதத்தின் குரலானாலும், என் வாயிலிருந்தே வந்தாலும், அதை மட்டும் பொறுக்கக் கூடாது. பொறுமைக்கு எல்லை அங்கே. அதைத் தாண்டியும் நான் பொறுத்தேன். அதற்கு விலையாக ஒரு பெண்ணின் வலக்கை முடங்கிக் கிடக்கிறது.

முடிக்கும் முன் ஒன்று. மேடையேறியதும் கவனித்தேன். இடப்பக்கம் ஒரு மதம், வலப்பக்கம் ஒரு மதம், நடுவே ஒரு நடைவழி. உங்களை இப்படி உட்காரச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. அதுதான் என் நெஞ்சைப் பதற வைக்கிறது.

ஆறாவது வரிசையில் ஒரு சகோதரி எழுந்திருக்கிறீர்கள். என் பேச்சு பிடிக்காமல் வெளியே போகிறீர்களா, நடைவழியைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறீர்களா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும், பேசாமல் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திராமல் எழுந்தீர்களே, அம்மா. என் முதல் நன்றி உங்களுக்கு. இவ்வளவு நேரம் செவி கொடுத்த மற்றவர்களுக்கும் நன்றி கூறி, இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வணக்கம் வைத்து இறங்குகிறேன்.