ஏழாம் எண் வான்கோழியின் இறக்கைகள்

என் பெயர் லவீனா ஹட்செல். வயது 61. கணவர் பெயர் ராய் ஹட்செல், காலமாகிவிட்டார். மிசௌரி மாநிலம், கேல்வுட் கவுண்டி, பைன் ஹாலோ, மில் ரோடு 412ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். இறந்த பறவைகளையும் விலங்குகளையும் உயிருள்ளவை போல் பாடம் செய்து நிறுத்தும் தொழிலில் முப்பத்தொரு வருடங்களாக இருக்கிறேன். பாடம் செய்த பறவைகளுக்கான போட்டிகளில் பதினாறு வருடங்களாக நடுவராகவும் இருந்து வருகிறேன். இம்மாதம் 16ஆம் தேதி தங்கள் காவல் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டபோது நான் சொன்ன பதில் தவறானது. அதைத் திருத்திப் பதிவு செய்யவே யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இன்று நேரில் வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கண்காட்சி மைதானத்தில் நடந்த போட்டியில் பதினோரு காட்டு வான்கோழிகள் மேசைக்கு வந்தன. எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். செய்தது யார் என்பது நடுவருக்குத் தெரியாது. ஏழாம் எண், நெஞ்சை நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தொங்கவிட்டுப் பெட்டைக்கு முன்னால் நடக்கும் சேவலாக நிறுத்தப்பட்டிருந்தது. முதலில் ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். அதன் பின்னர் கைவிளக்கும், பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தேன். இமை கண்ணோடு ஒட்டிப் படிந்திருந்தது. கால்விரல்கள் வெறுமனே பலகைமேல் வைக்கப்படாமல் மண்ணை அழுத்திப் பிடித்திருந்தன. பெரும்பாலோர் தலைக்கு வண்ணம் பூசும் இடத்தில் கெடுத்துவிடுவார்கள். இதில் நெற்றியின் வெள்ளை எந்த இடத்தில் கன்னத்து நீலமாக மாறியது என்பதை விளக்கு பிடித்துப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பின்னர் இறக்கைகளைப் பார்த்தேன். வசந்த காலத்தில் சேவல் நாள் முழுவதும் இறக்கைகளை மண்ணில் இழுத்து நடக்கும். அதனால் ஏப்ரல் மாதத்துச் சேவலுக்கு வெளி இறகுகளின் நுனி கத்தரித்தது போல் மொட்டையாகத் தேய்ந்திருக்கும். இதில் நுனிகள் முழுசாக, வட்டமாக இருந்தன. கோடையில் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்த பிறகு, அக்டோபர் வாக்கில்தான் அப்படி இருக்கும். ஆனால் சீட்டில் வேட்டையாடிய தேதி ஏப்ரல் 18 என்று எழுதியிருந்தது. உடன் நடுவராக இருந்த ஆர்வில் டீக்கைக் கூப்பிட்டேன்.

"ஆர்வில், இங்க வா. மூஞ்சி ஏப்ரல் மாசம், ரெக்கை அக்டோபர் மாசம்."

"அக்டோபர்ல சுட்டு ஃப்ரீசர்ல போட்டு வெச்சிருந்தான் போல," என்று அவர் உரக்கச் சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறக்கைக்காக இரண்டு மதிப்பெண் குறைத்து, 94 கொடுத்தேன். முதல் பரிசு அதற்குத்தான் போயிற்று.

அந்தப் பறவையைச் சுட்டவர் டெல்பர்ட் கீத்லி என்பதும், ஏப்ரல் 18 காலை ஆறரை மணிக்கு அவருடைய பக்கத்துப் பண்ணைக்காரர் வார்ட் ப்ளெட்சோவின் வைக்கோல் கொட்டகை எரிந்தது என்பதும், வேலித் தகராறு காரணமாக டெல்பர்ட் மீது சந்தேகம் இருந்தது என்பதும், தான் அந்நேரம் காட்டில் வான்கோழிக்காகக் காத்திருந்ததாக அவர் சொல்லி, இந்தப் பறவையையே சாட்சியாகக் காட்டியிருந்தார் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. சிரித்தவர்களில் ஒருவர் வார்டின் மைத்துனர் என்பதும், அவர் வழியாக அந்தப் பேச்சு தங்கள் காதுக்கு வரும் என்பதும் தெரியாது. 16ஆம் தேதி தொலைபேசியில், "அந்த ஏழாம் எண் எந்தப் பருவத்துப் பறவை?" என்று கேட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. "இலையுதிர் காலத்துப் பறவை," என்று சொன்னேன். மறுநாள் டெல்பர்ட் கைதானார்.

அதைக் கேள்விப்பட்ட பின்னர், போட்டியில் எடுத்த படங்களை வீட்டு மேசையில் பரப்பிப் பார்த்தேன். அப்போதுதான் வாலைக் கவனித்தேன். விசிறியின் ஓர இறகுகள் வெளிறி, விளிம்பு பிய்ந்து, ஒரு குளிர்காலம் முழுவதும் பட்ட பாட்டைக் காட்டின. ஒரே பறவைக்கு வால் ஏப்ரலாகவும் இறக்கை அக்டோபராகவும் இருக்க முடியாது. இத்தனை வருடங்களில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மூன்று நாட்கள் வேறு வேலை ஓடவில்லை. செய்தவர் பெயரைச் சங்கத்தில் கேட்டு, 24ஆம் தேதி காலை நாற்பது மைல் வண்டி ஓட்டி எமெட் கோல்வின் கடைக்குப் போனேன். எமெட்டுக்கு வயது 44 இருக்கும். ஏழாம் எண் பறவை ஜன்னலருகே முதல் பரிசின் நீல ரிப்பனோடு நின்றது. எமெட் காபி கொடுத்தார்.

"வாலும் ரெக்கையும் ஒரே பறவையோடதா, எமெட்?" என்று கேட்டேன்.

"ஒரே பறவைதான்னு போட்டிப் பாரத்துல எழுதிக் கொடுத்திருக்கேனே, மிஸ் லவீனா."

"பாரம் கிடக்கட்டும். நான் உன்னத்தான் கேக்குறேன். டெல்பர்ட் உள்ள இருக்காரு, தெரியும்ல?"

அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் பறவையின் பக்கம் திரும்பினார். "அவரு பறவையோட ரெக்கை நுனியெல்லாம் தேஞ்சு அசிங்கமா இருந்துச்சு. போன அக்டோபர்ல நான் சுட்டது ஒண்ணு இருந்துச்சு. அதோட ரெக்கைய மாட்டிட்டேன். வெளிய சொன்னா ரிப்பன் போயிரும். அவரு எப்படியும் வெளிய வந்துருவாருன்னு நெனச்சேன்."

"தேஞ்சதையே விட்டிருந்தா ரெண்டு மார்க் கூடப் போட்டிருப்பேன்டா, முட்டாள்," என்றேன். கோபத்தில் சொன்னேன். ஆனால் உண்மையும் அதுதான்.

பழைய இறக்கைகள் எங்கே என்று கேட்டேன். காய்ந்த இறக்கையை அடித்து, வான்கோழி மரத்திலிருந்து இறங்கும் சத்தத்தைக் காட்டி வேட்டையில் சேவலை ஏமாற்ற, எங்கள் பக்கத்தில் இறக்கையைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்கள். எமெட்டும் அவற்றை உப்பிட்டுக் காயவைத்திருந்தார். நுனிகள் மொட்டையாக இருந்தன. அவை இந்தப் பறவையினுடையவைதானா என்பதை அறியப் பறவையைப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் கத்தியை எடுத்தபோது எமெட், "இருங்க. தெச்சவன் நான், நானே பிரிக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார். தோள் இறகுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கித் தையலைப் பிரித்தார். தோள் பக்கம் மிச்சமிருந்த துண்டு எலும்போடு பழைய இறக்கை எலும்பின் வெட்டுமுனையை வைத்துப் பார்த்தேன். ரம்பம் வழுக்கிய பள்ளம் முதல் உடைந்து நீட்டிய சில்லு வரை இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தின. அன்று பிற்பகலே இருவரும் அவற்றைத் தங்களிடம் கொண்டுவந்து காட்டினோம். தேய்மானம் பருவத்தைத்தான் காட்டும், வருடத்தைக் காட்டாது என்பதையும் அப்போதே சொன்னேன். போன வருடம் வசந்தம் முழுவதும் டெல்பர்ட் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஆகவே அது இந்த வருட வசந்தத்துப் பறவைதான் என்பதைத் தாங்களே விசாரித்து அறிந்தீர்கள். எமெட் ரிப்பனைச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நேற்று 25ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு டெல்பர்ட் விடுவிக்கப்பட்டபோது வாசலில் நின்றேன்.

"டெல்பர்ட், நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"அத விடுங்க. என் பறவைக்கு எவனோட ரெக்கையோ மாட்டியிருக்காமே, நெசமா?"

"நெசந்தான்."

"எட்டு நாள் உள்ள இருந்தது கூட இப்படி எரியல. என்னோட ரெக்கை எங்க?"

சாட்சிப் பொருளாகத் தங்களிடம் இருப்பதாகச் சொன்னேன்.

"எப்பத் தருவாங்கன்னு கேளுங்க. அந்தத் தேஞ்சதத்தான் மாட்டணும். அன்னிக்கு முக்கா மணி நேரம் அது என் முன்னால அந்த ரெக்கைய மண்ணுல இழுத்துக்கிட்டே நடந்துச்சு. துப்பாக்கி மடியில இருந்துச்சு. சுடத் தோணாம பாத்துக்கிட்டே இருந்தேன்."

இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு முழுப் பறவையைப் பற்றிச் சொன்னது என் பிழை. கொட்டகைக்குத் தீ வைத்தது யார் என்பது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வழக்கு முடிந்ததும் இரண்டு இறக்கைகளையும் டெல்பர்ட் கீத்லியிடமே ஒப்படைக்க வேண்டுகிறேன். அவற்றைப் பொருத்திக் கொடுப்பதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இதில் எழுதியுள்ளவற்றை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார்கள். நான் கண்ணால் கண்டதும் கையால் தொட்டதும் வாயால் சொன்னதும் இவையே. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) லவீனா ஹட்செல்
ஆகஸ்ட் 26