பேராசிரியர் விட்டுச்சென்ற காகிதங்கள்

டீ ஆறினால் பரவாயில்லை. ஆறின டீ குடித்தே பழகியவன் நான். காகிதங்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவன் மேசைமேல் டம்ளரை வைக்கக் கூடாது. வராந்தாவில் வைத்துவிட்டு, ஞாபகம் வரும்போது போய்க் குடிப்பேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் எனக்குப் 'பூதம்' என்று பெயர். புதையலைக் காக்கும் பூதமாம். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இயற்பியல் பேராசிரியர் ஓய்வு பெற்றதும் தன் காகிதங்களையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தார். அட்டைப்பெட்டிகளில் அள்ளிப்போட்ட மாதிரி வந்து இறங்கின. சோதனைக் குறிப்புகள், தேர்வு வினாத்தாள்கள், மின்கட்டண ரசீதின் ஓரத்தில் சமன்பாடு, மருந்துச் சீட்டின் பின்னால் கருவியின் படம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். "உங்க கடுதாசிய நீங்களே வந்து படிச்சுச் சொல்லுங்க" என்று அவர் மனைவியே எழுதியிருக்கிறார். அந்த எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் பிரித்து, தூசி தட்டி, எண் போட்டு, உறையில் வைத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை.

எல்லாம் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் அவர் வர ஆரம்பித்தார்.

முதலில் ஒரு கடிதத்தைக் கேட்டார். சக பேராசிரியர் ஒருவரைத் திட்டி எழுதி, அனுப்பாமல் விட்டது. படித்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஆளே போய்ச் சேந்துட்டாரு. இது எதுக்குப்பா இன்னும்?" என்று நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அவர் போனதும் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். அடுத்த முறை வந்தபோது பழைய கணக்கொன்றில் தப்பைக் கண்டுபிடித்துப் பேனாவால் திருத்தினார். சரியாகத் திருத்தினார் என்பதுதான் கொடுமை. அது அவர் இளமையில் செய்த தப்பு. அதில் கைவைக்கக் கிழவருக்கு என்ன உரிமை? உரிமை இருந்தது. ஒப்பந்தத்தில் வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார்: உயிரோடு இருக்கும்வரை எதையும் அவர் திருத்தலாம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பின் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அந்த வரியை வெகுநாள் வெறும் சட்டமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

வாசிப்பறைக்குள் பை கொண்டுவரக் கூடாது. வெளியே லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன். அமைச்சரே வந்தாலும் அதுதான் விதி. ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஓடிப்போய் லாக்கரைத் திறந்து பையைக் கொண்டுவந்தேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்மூடி இருந்தார்.

"நீ இல்லன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சிருக்கும்ப்பா" என்றார்.

அன்றைக்கு நான் யோசிக்காமல் பையை எடுக்க ஓடிவிட்டேன்.

பிறகு மனைவியின் கடிதங்களைக் கேட்டார். ஆராய்ச்சிக்காக அவர் வெளிநாட்டில் தனியாக இருந்த காலத்தில் அந்த அம்மா எழுதியவை. கையில் வேறு தாள் இல்லாமல் அவற்றின் பின்பக்கத்தில்தான் இவர் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த கணக்கு அது. முன்பக்கம் கைக்குழந்தைக்குச் சளி, கூரையில் ஒழுகல். பின்பக்கம் இயற்பியல்.

"எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஒரு தடவ படிச்சுட்டுக் கொளுத்திடணும். அவ எனக்கு எழுதினது, ஊரு படிக்கிறதுக்கு இல்ல."

"பின்பக்கம், சார்?"

"அதான் பாடப்புத்தகத்துலயே வந்தாச்சே. போதாதா?"

"பாடப்புத்தகத்துல விடைதான் சார் இருக்கு. அடிச்சு அடிச்சு எழுதினது இங்கதான் இருக்கு."

என் தோளைத் தட்டினார். "நீ காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருக்கணும்ப்பா" என்றார். நான் கோபப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வந்த அன்று வாசிப்பறையில் வேறு யாரும் இல்லை. கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பை..." என்றார்.

"எடுக்கிறேன் சார்" என்றேன்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்தும்விட்டேன். ஆனால் அவர் நெற்றியிலிருந்து வியர்வை கடிதங்கள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மை கலைந்துவிடும். அவர் முழங்கைக்கு அடியிலிருந்து கடிதங்களை மெல்ல உருவி, அடுக்கி, உறையில் வைத்தேன். இதிலெல்லாம் அவசரப்பட முடியாது, மடிப்பில் கிழிந்துவிடும். அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கோப்பு கேட்டு எழுதும் சீட்டு ஒன்றை இழுத்து, பென்சிலால் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். தலையாட்டினேன். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கெட்டிக்காரர்.

எல்லாம் அடங்கியதும் பையைக் கொண்டுவந்து கைக்கருகில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வயசாகிவிட்டது, இதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். உருக்கமாக இருந்தது என்று துணைவேந்தரே சொன்னார்.

அந்தச் சீட்டையா? கிழித்துப் போட்டிருக்கலாமே என்கிறார் உங்கள் உதவியாளர். அவர் கைப்பட எழுதிய கடைசித் தாள் அது. அதைக் கிழிக்க நான் யார்? தேதி போட்டு, எண் கொடுத்து, தொகுப்பின் முடிவில் சேர்த்தேன்.

அவருடைய மகள் அம்மாவின் கடிதங்களைப் படிக்க வந்தாள். மற்ற வாசகர்களைப் போலவே அவளுக்கும் எடுத்துக் கொடுத்தேன். கூரை ஒழுகலைப் படித்துச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் முடித்துக் கடைசி உறைக்கு வந்தாள்.

"சார், இது அப்பா எழுத்துதானே? ஒண்ணும் புரியல. என்ன போட்டிருக்கு?"

ஏதோ ஒரு கோப்பின் பெயர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் வாசகர் கேட்டால் உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்வது என் வேலை.

"'மாத்திரை பைக்குள்ள. சீக்கிரம்ப்பா'ன்னு இருக்கும்மா."

அவள் தேதியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத யார்கிட்ட குடுத்தாரு?"

"என்கிட்டதாம்மா."

கத்துவாள் என்று நினைத்தேன். வாசிப்பறையில் கத்தக் கூடாது. அவள் கத்தவில்லை. சீட்டைக் கையில் பிடித்தபடியே வெளியே போனாள். தாள்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லத்தான் பின்னால் ஓடினேன். அதற்குள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறைக்க எதுவும் இல்லை. அவரைச் சாகவிட்டது நான்தான், தெரிந்தேதான் விட்டேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரை அவரிடமிருந்து காப்பாற்றியதும் நான்தான் என்று கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள். அது விடுபட்டால் ஆவணம் முழுமையாகாது.