சிக்கின பிஸ்ரல்

—சுடப் பழகிற இடத்திலை கூட்டித் துடைக்கத்தானே காணும் எங்களுக்குச் சம்பளம்? தும்புத்தடியை எறிஞ்சுபோட்டு ஏன் அந்தப் பிஸ்ரலைத் தொட்டனீர், அலோசியஸ்?

—தொடாமல் என்ன செய்யிறது, மகேந்திரண்ணை? சுட்ட குண்டின்ரை வெறுங்கோது சிக்கி நிக்குது. சுட வந்த கிழவன் அதைக் குலுக்கிறான், பிஸ்ரல் வாய் பக்கத்திலை சுடுறவன்ரை வயித்தைப் பாக்குது. மாதாவே, என்ரை கை தன்பாட்டிலை போயிட்டுது.

—மகசினைக் கழட்டி, மேல்மூடியை இழுத்து, கோதை விழுத்தி, மேசையிலை வைச்சதும் தன்பாட்டிலையோ? நான் அங்காலை கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டனான். மூண்டு எண்ண முதல் முடிச்சுப்போட்டீர்.

—எங்கடை முதலாளி, டிரெத்தோரேயும் பாத்தவரோ?

—பாத்தவர். சிரிச்சவர். பழைய பொலிஸ்காரன் சும்மா சிரிக்கமாட்டான், கண்டீரோ.

—வியாழக்கிழமை பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்கு வரச்சொல்லியிருக்கு, அண்ணை. சித்தாதினான்சா, இந்த நாட்டுப் பிரசாவுரிமை குடுக்கிற விசாரணை. இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த புதுசிலை, இயக்கத்திலை இருக்காத, ஆயுதமே தொடாத ஆள் எண்டு எழுதிக் குடுத்தனான். பதினெட்டு வருசம் அதைச் சொல்லித்தான் நிக்கிறன். அது பிழைச்சா நான் மட்டுமில்லை, மகள் அமலினியும் நடுறோட்டிலை.

—எல்லாம் அந்தப் பழசாலை வந்த வினை. கிழவன்ரை தகப்பன் காலத்து இரும்பு. பக்கத்திலை நிண்டவன் பிளாஸ்ரிக் பிடி போட்ட புதுசிலை பதினேழு குண்டும் சுட்டு முடிச்சான். ஒருக்காச் சிக்கிச்சுதோ?

—அப்பிடிச் சொல்லாதேங்கோ. பழசு கையிலை பாரமா இருக்கும், உதைப்புத் தெரியாது. அந்தக் கிழவன் எண்ணெயைக் கண்ணிலையும் காட்டாமல் வைச்சிருக்கிறான், அதுக்கு இரும்பு என்ன செய்யும்?

—புதுசு மண்ணோடையும் புழுதியோடையும் சுடும். பழசைத் தாலாட்டவெல்லோ வேணும்.

—சத்தியமாச் சொல்லுறன், ஸ்பிரிங்கை மாத்தினா அது இன்னும் அம்பது வருசம் நிக்கும். மகசினுக்குள்ளை குண்டை நிரப்பி வருசக்கணக்கா வைச்சா ஸ்பிரிங் களைச்சிடும், அதாலைதான்...

—பாத்தீரோ? வாயைத் திறந்தா எல்லாம் வெளியிலை வருது. வியாழக்கிழமையும் ஸ்பிரிங் கதைதான் கதைக்கப்போறீரோ?

—அந்த ஸ்பிரிங் மாதிரித்தான் அண்ணை நானும். ஒளிச்சு ஒளிச்சே களைச்சுப்போனன். பெண்சாதிக்கும் தெரியாது.

—ஆருக்குக் களைப்பில்லை? அந்த மூலையையும் கூட்டும், கோது கிடக்கு. வீட்டை போற பகேரியா றெயினை விட்டா இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்கவேணும்.

—நாளைக்குக் காலமை டிரெத்தோரே கட்டாயம் கேப்பார். ஒண்டு சொல்லுவியளோ? ஒன்பது வருசமா இஞ்சை நிக்கிறியள், உங்களை நம்புவார். ஊரிலையே இவனைத் தெரியும், ஆயுதம் தொடாதவன், இஞ்சை கூட்டேக்கை பாத்துப் பழகினவன் எண்டு.

—ஊரிலையே தெரியுமெண்டு சொல்லட்டோ?

—பொய்தான், அண்ணை. உங்களிட்டைப் பொய் கேக்க வெக்கமாத்தான் கிடக்கு.

—சொல்லுறன்.

—உண்மையாவோ?

—ஓம் எண்டுறன். கண்ணைத் துடையும், ஆரும் பாத்தா அதுக்கும் ஒரு கதை சொல்லவேணும்.

—என்ரை கையாலை ஒருத்தரும் சாகேல்லை, அண்ணை. அதை மட்டும் நீங்கள் நம்பவேணும்.

—நம்புறதென்ன, எனக்குத் தெரியும்.

—உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

—தொண்ணூறாம் ஆண்டு, ஊரிலை, கொக்குவிலிலை, எங்கடை கேற்றடியிலை என்ரை நெத்தியிலை வைச்சு நீர் விசையை அமத்தினதும் ஒரு பழசுதான். அது சிக்கி, இண்டைக்குக் கழட்டின மாதிரியே நீர் கழட்டேக்கைதான் நான் மதில் பாய்ஞ்சனான். இவ்வளவு நாளும் உம்மை மட்டுக்கட்டேல்லை, இண்டைக்கு அந்தக் கையைப் பாத்தாப்பிறகுதான் ஆளைப் பிடிச்சனான். அது புதுசா இருந்திருந்தா, அலோசியஸ், நாளைக்கு உமக்காண்டிப் பொய் சொல்ல ஆளிருந்திருக்காது.